ஆறாவது குண்டு

ஸ்கோப்பைக் கீழே போடுவதுதான் என் வேலை.

துப்பாக்கியின் மேல் மாட்டுகிற, குழாய் போன்ற தொலைநோக்கியைத்தான் ஸ்கோப் என்கிறோம். சேலத்தில் எங்கள் கம்பெனி அதைச் செய்கிறது. செய்வதற்குப் பத்துப் பேர், செய்ததை உடைத்துப் பார்க்க நான் ஒருத்தி. தண்ணீரில் முக்குவேன், ஐஸ்பெட்டியில் வைப்பேன், இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுவேன். அதற்கப்புறமும் முன்பு விழுந்த இடத்திலேயே குண்டு விழுந்தால் பாஸ், இல்லாவிட்டால் ஃபெயில். இயற்பியல் பட்டம் வாங்கிவிட்டு இதைச் செய்வதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. காப்பி எஸ்டேட்டின் கூலி லைன் வீட்டில் பிறந்து காலேஜ் படியேறிய முதல் ஆள் நான். யாராவது பளபளப்பாக ஒன்றைக் காட்டி நல்ல பொருள் என்றால், அதைத் தரையில் போட்டுப் பார்க்கத்தான் எனக்குக் கை வரும்.

போன டிசம்பரில் புது மாடல் ஒன்று வந்தது. ரைஃபிள் கிளப்புகளுக்குப் போக நாற்பது உருப்படி தயாராக இருந்தது. நான் கையெழுத்துப் போட்டால் வண்டி ஏறும். ஆனால் எங்களுக்குக் கிடைத்த சுடும் கூடம் ஐம்பது மீட்டர்தான்.

"நூறு மீட்டர்ல, பனியில, குளுர்ல பாக்கணும்மா. வாங்கறவன் அதத்தான் கேக்கறான்" என்றார் முதலாளி பெரியநாயகம்.

"எங்க எஸ்டேட்ல இடம் இருக்குங்க சார்."

யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

ஏற்காட்டில், கிளியூருக்கு மேலே இருக்கிறது நான் பிறந்த எஸ்டேட். அங்கே ஒரு பழைய ஜீப் ரோடு மண் சரிந்து பாதியிலேயே நின்றுபோயிருந்தது. நேராக நூறு மீட்டருக்குக் கொஞ்சம் மேல் போய், என் தோளுயர மண்கரையில் முட்டும். கரைக்குப் பின்னால் பதினாலாம் நம்பர் காடு. காடு என்றால் காப்பிச் செடிதான். நிழலுக்கு சில்வர் ஓக் மரம், அதில் மிளகுக்கொடி. சரிவு மேலே ஏறிப் போகும். குண்டு கரையைத் தாண்டினாலும் மலை வாங்கிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டேன்.

"ரேஞ்சுக்கு வெளிய சுடறது சட்டப்படி சரிங்களா சார்?"

"தனியார் நெலம்மா. ஓனர் பெங்களூர்லருந்து போன்ல சரின்னுட்டாரு. துப்பாக்கி நமக்குச் சுடற ஷீனாவோடது, லைசென்ஸ் இருக்குது. ஆள் நடமாட்டம் இல்லாத நாளா நீ பாத்துச் சொல்லு, போதும்."

நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. தெரிந்தும் நான் மேலே கேட்கவில்லை.

"ஞாயித்துக்கெழமைங்க சார். எஸ்டேட்ல ஒரு காக்கா இருக்காது."

அப்படியும் ரைட்டர் ஐயாக்கண்ணுவுக்குப் போன் போட்டேன். எஸ்டேட்டில் ரைட்டர் என்றால் ஆள்கணக்கு எழுதுகிறவர். எந்தக் காட்டில் யார் வேலை என்பது அவர் கையிலிருக்கும் செக்ரோலில் இருக்கும். அந்தப் புத்தகத்தில் பேர் இருந்தால் ஆள் வேலையில் இருக்கிறார் என்று அர்த்தம்.

"ஏனுங்கண்ணா, வர்ற ஞாயித்துக்கெழம செக்ரோல் உண்டுங்களா?"

"ஞாயித்துக்கெழம ஏது கண்ணு செக்ரோலு? என்ன, அம்மாளுக்கு மறுபடி வேலை கேக்கறயா?"

"அம்மா இனி வேலைக்கு வராதுங்க. பதினாலாம் காட்டுல ஆள் இருக்குமான்னுதான் கேட்டேன்."

"செக்ரோல்ல ஒருத்தரும் இல்ல சாமி."

எதற்குக் கேட்கிறேன் என்று நான் சொல்லவில்லை. துப்பாக்கி விஷயம் வெளியே போக வேண்டாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். செக்ரோல் இல்லையென்றால் காட்டில் ஆள் இல்லை. பிறந்ததிலிருந்து கேட்ட பேச்சு அது. சோதனைத் தாளில் "இடம் காலி" என்று எழுதி என் பெயரைப் போட்டேன்.

என் அம்மா கிருஷ்ணம்மாள் இருபத்தெட்டு வருஷம் அந்தச் செக்ரோலில் இருந்தவள். எனக்கு வேலை கிடைத்த மாசமே அவளை நிறுத்தினேன். லைனைக் காலி செய்து கிளியூரில் வீடு பிடித்தேன். மனசு மாறி மறுபடி போய்விடக் கூடாதென்று சேர்வராயன் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். குகைக்குள் வைத்து, என் தலையில் கை வைக்கச் சொல்லி, இனிமேல் காப்பிக்காட்டு வேலைக்குப் போக மாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். சாமி நம்பிக்கை எனக்குக் கிடையாது. அம்மாவுக்கு உண்டு. அதனால்தான் அங்கே கூட்டிப்போனேன்.

வாரம் முழுக்க எனக்கு சேலத்தில் ஹாஸ்டல். சனிக்கிழமை பஸ் ஏறி வீட்டுக்கு வருவேன். அந்த ஞாயிறு காலை ஏழு மணிக்கெல்லாம் ஷூ மாட்டிக்கொண்டேன். என் கம்பெனி கேமரா கண்ணாடி செய்கிறது என்றுதான் அம்மாவுக்குத் தெரியும். துப்பாக்கி என்று சொன்னால் பயப்படுவாள் என்று நான் சொன்னதே இல்லை.

"ஞாயித்துக்கெழமையும் ஆபீசா கண்ணு?"

"ஆமாம்மா. மத்தியானம் வந்துருவேன். பனியில வெளிய திரியாத, முட்டி வலி வந்துரும்."

"நா எங்க போறேன்? ஊட்டுலதான் இருப்பேன்."

*

ரோட்டில் பனி இறங்கியிருந்தது. கரைமுன் நட்ட குறி அட்டை தெரிகிற அளவுக்குத்தான் வெளிச்சம். முதலாளி மங்கி கேப்பை இழுத்துக் காதை மூடிக்கொண்டு கேமராவோடு நின்றார். ஷீனா பாய் விரித்து, மணல் மூட்டையில் ரைஃபிளை வைத்துக்கொண்டிருந்தாள். சேலம் கிளப்பில் மாநிலப் பதக்கம் வாங்கியவள். என் வயசுதான். பாயிண்ட் டூ டூ ரைஃபிள் அவள் பேரில் இருந்தது. எங்கள் சோதனைக்கெல்லாம் அவள்தான் சுடுவாள்.

"விரலே வேலை செய்யல சுகுணா. டீ குடிச்சிட்டு ஆரம்பிக்கலாமா?"

"டீ குடிச்சாக் கை நடுங்குதுன்னு போன தடவை நீதான சொன்ன?"

"அது உங்க கம்பெனி டீ. அதக் குடிச்சா யாருக்குத்தான் நடுங்காது?"

முதலாளி காதில் விழாத மாதிரி கேமராவைத் துடைத்தார்.

சுடுவதற்கு முன்னால் நான் எண்ணைக் கத்துவேன், ஷீனா சுடுவாள், நான் தாளில் குறிப்பேன். என் குரல் பெரிசு. காட்டில் ஒரு சரிவிலிருந்து மறு சரிவுக்குக் கூப்பிட்டு வளர்ந்த குரல். "மைக் வேண்டாம், சுகுணா போதும்" என்று கம்பெனியில் கிண்டல் செய்வார்கள்.

முதல் ஐந்து குண்டும் ஒரு நாணயத்துக்குள் அடங்கின. பிறகு ரைஃபிளைக் காலி செய்து, ஸ்கோப்போடு சேர்த்து இடதுபக்கமாக ரப்பர் பாயில் போட்டேன். ஷீனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அவள் ரைஃபிள் அல்லவா. மூன்று குண்டு சுட்டோம். அதே இடம். ஸ்கோப்பைத் தனியாகக் கழற்றாமல் ரைஃபிளோடு சேர்த்து ஈரச் சாக்கால் சுற்றி, வாளித் தண்ணீர் ஊற்றி அரைமணி நேரம் வைத்தேன். மறுபடி மூன்று. அதே இடம்.

"பாத்தயாம்மா? கல்லு மாதிரி நிக்குது" என்று முதலாளி படமாக எடுத்துத் தள்ளினார்.

"மேல்பக்கம் இன்னும் போடல சார்."

ஸ்கோப்பின் மேலே ஒரு திருகு இருக்கும். குறியை ஏற்றி இறக்குவது அதுதான். கீழே விழுந்தால் முதலில் அடிபடுவதும் அதுதான். ரைஃபிளைத் தலைகீழாகப் பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து விட்டேன். 'ணங்' என்று ஒரு சத்தம். எடுத்துக் கண்ணை வைத்துப் பார்த்தேன். குறி பார்க்கிற சிலுவைக்கோடு நேராக அட்டையின் நடுவில் நின்றது. கண்ணாடியில் கீறல் இல்லை, மங்கல் இல்லை. அத்தனை சுத்தமான காட்சி.

ஒவ்வொரு சோதனைக்கும் எண்ணிக்கை ஒன்றிலிருந்து.

"ஒண்ணு!" என்று கத்தினேன். ஷீனா சுட்டாள்.

தனித் தொலைநோக்கியில் அட்டையைப் பார்த்தேன். பழைய ஓட்டைகள் மட்டும்தான் இருந்தன.

"அட்டைல காணோம்ங்க சார்."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டனுங்க. அட்டைலயே இல்ல. ஒரு குண்டு அட்டைய விட்டுப் போனா நிறுத்தணும்னு விதி இருக்குது."

"விதி யாரு எழுதுனது? நானு. ஷீனா கை ஆடியிருக்கும். இன்னும் ரெண்டு போடுங்க."

"என் கையா?" ஷீனா தலையைத் தூக்கினாள். "அங்கிள், காலையிலருந்து பதினோரு குண்டும் ஒரே ஓட்டைல போட்டது யார் கை?"

"கோவிச்சுக்காத பாப்பா. குளுருல..."

"எண்ணு சுகுணா" என்றாள் ஷீனா, அவரை முடிக்க விடாமல்.

அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். விதி என் கையில் இருந்தது, தாள் என் கையில் இருந்தது. நான் நிறுத்தவில்லை. முதலாளிக்குப் பயந்தும் இல்லை. அந்த ஸ்கோப் ஃபெயிலாவதை எல்லோரும் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. ஒன்று தவறினால் கை ஆடிவிட்டது என்பார்கள். ஆறும் தவறினால் என்ன சொல்வார்கள்?

"ரெண்டு! ... மூணு!"

அட்டையில் ஒன்றும் இல்லை.

"நாலு! ... அஞ்சு!"

பனிக்குள் ஒவ்வொரு எண்ணும் போய் மலையில் மோதித் திரும்பி வந்தது.

"ஆறு!"

"போதும்" என்றாள் ஷீனா. இனிச் சுட முடியாதபடி ரைஃபிளின் போல்ட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். "ஸ்கோப் செத்துப்போச்சு அங்கிள்."

முதலாளி கேமராவை மூடினார். நாற்பது உருப்படி அவர் கண்முன்னால் நின்றிருக்கும். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

*

சுட்ட குண்டு ஒவ்வொன்றும் எங்கே போனது என்று கண்டுபிடித்து அளந்தால்தான் எவ்வளவு தூரம் விலகியது என்று எழுத முடியும். டேப்பை எடுத்துக்கொண்டு கரைக்கு நடந்தேன். கரையின் உச்சியில், பாசியைக் கிழித்துக்கொண்டு விரல் அகலத்தில் ஒரு கோடு. ஒன்று. அட்டையின் நடுவிலிருந்து முக்கால் மீட்டருக்கு மேல் ஏறியிருந்தது. மற்றவை கரையைத் தாண்டியிருந்தன.

கரை ஏறிக் காட்டுக்குள் இறங்கினேன். முப்பது எட்டில் ஒரு சில்வர் ஓக். அடிமரத்தில் புதிதாக மூன்று வெள்ளைப் பொட்டு. சரிவு ஏறிப் போவதால் குண்டு அங்கே முழங்கால் உயரத்துக்குத்தான் வந்திருந்தது. டேப்பை வைத்து அளந்தேன். ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர்.

எழுதிவிட்டு நிமிர்ந்தபோதுதான் பக்கத்துச் செடியடியில் ஒரு சாக்கைப் பார்த்தேன். பாதிக்கு மேல் காப்பிப்பழம். நனைந்து, மண் ஒட்டி, இப்போதுதான் பொறுக்கிப் போட்ட பழம்.

"யாரது?" என்றேன். "யாருங்க அங்க?"

இலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம்தான் கேட்டது.

மழைத்தண்ணீர் நிற்பதற்காகச் செடி வரிசைகளுக்கு நடுவே ஆழமில்லாத நீளக்குழி வெட்டியிருப்பார்கள். அந்தக் குழிக்குள் ஒரு கால் தெரிந்தது. ரப்பர் செருப்பு. நீல வார் அறுந்து, ஊக்கு மாட்டியிருந்தது. அந்த ஊக்கை மாட்டியது நான். போன வாரம்.

எதற்கென்று தெரியாமல் டேப்பைச் சுருட்டினேன். முழுசாகச் சுருட்டி, பாக்கெட்டில் வைத்து, பட்டனும் போட்டேன். அப்புறம்தான் கால் நகர்ந்தது.

அம்மா குழிக்குள் ஒருக்களித்துக் கிடந்தாள். புடவைமேல் ஆம்பளைச் சட்டை, இடுப்பில் கோணிச்சாக்கு. எஸ்டேட்டுக்குப் போகிற அதே உடுப்பு. முகமெல்லாம் சேறு. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தது. இமைத்தது.

"திட்டாத கண்ணு," என்றாள்.

குழியோரம் குனிந்தேன்.

"வேலைக்கு வரல சாமி. செக்ரோல்ல பேரு இல்ல, ஐயாக்கண்ணு கிட்டக் கேட்டுப்பாரு. மழைக்குப் பழமெல்லாம் கொட்டிப்போச்சு. அப்படியே கெடந்தாப் பூச்சி புடிக்குமுன்னு ஞாயித்துக்கெழம பொறுக்க உடறாங்க. அளந்து போட்டாக் காசு. பேரு எழுதமாட்டாங்க. அது வேலையில்ல. சத்தியத்துல சேராது."

எல்லோரும் செக்ரோலைத்தான் நம்பியிருந்தோம். நான் அதில் பேர் இல்லையென்றால் காட்டில் ஆள் இல்லை என்று நினைத்தேன். அம்மா அதில் பேர் இல்லையென்றால் சத்தியம் மீறவில்லை என்று நினைத்தாள். ஐயாக்கண்ணு நான் கேட்டதற்குச் சரியான பதிலைத்தான் சொன்னார்.

"சத்தம் போட வேண்டியதுதான!" எனக்கு வந்த முதல் வார்த்தை அதுதான். கத்தினேன். "ஒரு சத்தம் போட்டிருந்தா நிறுத்தியிருப்போமில்ல! என்ன பொம்பள நீ!"

"மேல்காட்டுல பொறுக்கிட்டு அப்பத்தான் இந்தப் பக்கம் வந்தோம். மொதல்ல காட்டெருமைக்கு வேட்டுப் போடறாங்கன்னு நெனச்சேன். மத்தவங்கல்லாம் பங்களாப் பக்கம் ஓடிட்டாங்க. அப்புறம் மரத்துல சில்லு தெறிச்சுது. குழியில படுத்துட்டேன். கத்தலாமுன்னுதான் வாயத் தொறந்தேன்..."

"அப்புறம்?"

"உன்ற கொரல் கேட்டுச்சு."

கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"நீதான் எண்ணுன. ரெண்டு, மூணுன்னு. எனக்குத் தெரியாதா உன்ற கொரல்? எந்திரிச்சா நீ பாத்துருவே. உன் ஆபீசுக்காரங்க முன்னால, இந்தக் கோலத்துல. சரி, எண்ணி முடிக்கட்டும், முடிச்சாப் போயிருவாங்கன்னு தலையக் குனிஞ்சுட்டேன். எவ்வளவு எண்ணுவேன்னுதான் தெரியல."

இதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. என் அம்மா துப்பாக்கிக்குப் பயந்து படுத்திருக்கவில்லை. எனக்குப் பயந்து படுத்திருந்தாள். தலைக்கு மேலே குண்டு போகிறது. எழுந்தால் மகள் திட்டுவாள். இரண்டில் குண்டு தேவலாம் என்று முடிவு செய்திருக்கிறாள்.

கரைமேல் முதலாளியும் ஷீனாவும் வந்து நின்றார்கள்.

"யாரும்மா அது?"

"எங்க அம்மாங்க."

ஷீனா "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாளி சறுக்கியபடி இறங்கி வந்தார்.

"அடி கிடி ஒண்ணும் இல்லீங்களேம்மா?"

"ஒண்ணும் இல்லீங்க சார்," என்றாள் அம்மா, குழிக்குள் கிடந்தபடியே கையைக் கூப்பி. "முட்டி புடிச்சுக்குச்சு, அதான். நீங்க வேலையப் பாருங்க. செத்த நேரம் பொறுத்து எந்திரிச்சுப் போயிருவேன்."

"நல்லவேளை. கடவுள் காப்பாத்துனாரு." அவர் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "தாள்ல இது வேண்டாம் சுகுணா. குண்டெல்லாம் கரையில பட்டதுன்னு எழுதிரு. நாற்பதையும் அனுப்பாம நிறுத்திக்கறேன், சத்தியமா."

நான் அவரைப் பார்க்கவில்லை. மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைக்குள் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த முடியவில்லை. கரையில் ஒன்று, மரத்தில் மூன்று.

"இங்க ஒண்ணு இருக்கு," என்றாள் ஷீனா. மரத்துக்குப் பின்னால் ஒரு பாறை, அதில் ஈயம் பூசினது போல ஒரு சாம்பல் தழும்பு.

ஐந்து.

"ஆறாவது எங்க?"

"மண்ணுல போயிருக்கும், உடும்மா" என்றார் முதலாளி.

"ஆறு சுட்டோம். ஆறாவது எங்க?"

செடி செடியாக விலக்கிப் பார்த்தேன். மண்ணைப் பார்த்தேன். சாக்கைப் புரட்டிப் பழத்தைக் கொட்டினேன். பைத்தியக்காரி மாதிரி இருந்திருப்பேன். எல்லா ஓட்டைகளும் ஒரே உயரம், ஒரே வரிசை. மரத்துக்கும் பாறைக்கும் நடுவில், அதே கோட்டில் இருந்தது குழி ஒன்றுதான்.

"எங்கியாச்சும் போயிருக்கும் கண்ணு. தேடாத," என்றாள் அம்மா.

அவள் சொன்ன அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். கும்பிட்டபோது ஒரு கை மட்டும்தான் முழுசாக மேலே வந்திருந்தது. இன்னொரு கை மறுபடி இடுப்புச் சாக்கை அழுத்திக்கொண்டிருந்தது.

"கையெடும்மா."

"முட்டிதான் சாமி..."

"முட்டி அங்கயா இருக்கு? கையெடு!"

எடுக்கவில்லை. நான்தான் பிடித்து இழுத்தேன். கோணிச்சாக்கில் பென்சில் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. அவ்வளவு சின்ன ஓட்டை. சாக்கைத் தூக்கினேன். தொடையின் வெளிப்பக்கம் புடவை கருப்பாக நனைந்து ஒட்டியிருந்தது. குழித் தண்ணீர் சேறு என்று நினைத்திருந்தேன். அதில் பாதி அவள் ரத்தம்.

"தழையக் கசக்கி வெச்சா நின்னுரும்..." என்றாள்.

ஷீனா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ரைஃபிளின் போல்ட் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

*

முதலாளியின் காரில், பின்சீட்டில் அம்மாவின் தலை என் மடியில். என் துப்பட்டாவை மடித்து ஓட்டைமேல் அழுத்திக்கொண்டிருந்தேன். அவர் வளைவுகளில் ஹாரன் அடித்துக்கொண்டே ஓட்டினார். ஆஸ்பத்திரி நெருங்கும்போது சொன்னார்:

"வேலிக்கம்பி கிழிச்சிருச்சுன்னு சொல்லலாம். குண்டுன்னா போலீசு வரும். ஷீனா லைசென்ஸ் போகும். அந்த ரைட்டர் வேலை போகும். ஞாயித்துக்கெழம பொறுக்கற பொம்பளைங்க பொழப்பும் போகும். நல்லா யோசிச்சுக்க. வைத்தியம் மொத்தமும் நானே பாத்துக்கறேன்."

முன்சீட்டில் ஷீனா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கம்பின்னே சொல்லிருலாமுங்க," என்றது மடியிலிருந்த தலை.

என்னென்ன போகும் என்று முதலாளி சொன்னதில் ஒரு பொய் இல்லை. அத்தனையும் நடக்கும். துப்பட்டாவை இன்னும் அழுத்தினேன்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் துணியை வெட்டி விலக்கிப் பார்த்தார். நர்ஸ் சேற்றைத் துடைத்தார். சின்ன வட்டம். ஓரம் கன்றிப்போயிருந்தது.

"எப்படி ஆச்சு?"

"வேலிக்கம்பிங்க டாக்டர்," என்றார் முதலாளி கதவருகிலிருந்து.

"ஏம்மா, கம்பியா?"

"ஆமாங்க. சறுக்கி உழுந்துட்டனுங்க. முள்ளுக்கம்பி."

டாக்டர் மறுபடி குனிந்து பார்த்தார். நம்பவில்லை. ஆனால் வெளியே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வரிசையில் நின்றது. அவர் என்னைப் பார்த்தார்.

"நீங்க?"

"மகள்."

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன். காதோரமாக, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"ஆறு குண்டுக்கு வாயத் தொறக்காமக் கெடந்தேன் நானு. நீ ஒரு நிமிசம் வாய மூடிட்டு இருக்க மாட்டயா?"

என்னை அம்மா அப்படிக் கடிந்து பேசியது அதுவரை இல்லை. கம்பி என்றால் கிழிந்த இடத்தைத் தைத்து, ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். குண்டு உள்ளேயே இருக்கும். வெளியே போன ஓட்டை எதையும் நான் பார்க்கவில்லை. அது எலும்புக்குப் பக்கத்தில் இருக்கிறதா, ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிறதா, ஒருவருக்கும் தெரியாது. அம்மா வலியைச் சொல்லவும் மாட்டாள். எப்படி ஒளிப்பாள் என்பதைத்தான் காலையிலேயே பார்த்துவிட்டேனே.

"குண்டுங்க டாக்டர்," என்றேன். "பாயிண்ட் டூ டூ ரைஃபிள். உள்ளயே இருக்குது. பட்டப்ப ஒன்பதரை மணி இருக்கும். காட்டுல ஆள் இல்லைன்னு எழுதிக் கொடுத்தது நான். நிறுத்த வேண்டிய எடத்துல நிறுத்தாம எண்ணுனதும் நான். பேரு சுகுணா. எழுதிக்கோங்க."

என் குரல் வழக்கம்போலப் பெரிசாகத்தான் வந்தது. வரிசையில் நின்ற ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"சுட்டது நான்," என்றாள் ஷீனா பின்னாலிருந்து.

முதலாளி மங்கி கேப்பைக் கழற்றினார். எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் திருப்பித் திருப்பிப் பிடித்திருந்தார். டாக்டர் ஒரு வினாடிதான் நின்றார். அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. எக்ஸ்ரேக்கு ஆள் போனது, சேலத்துக்குப் போகும் ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போட நர்ஸ் நம்பர் தேடினார்.

அம்மா என் கையை விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அம்மா."

"அம்மா, இங்க பாரு."

திரும்பவில்லை. முதுகு மட்டும் மூச்சுக்கு ஏறி இறங்கியது. சட்டைக் காலரில் ஒரு காப்பியிலை ஒட்டியிருந்தது. எடுக்கக் கை நீட்டினேன். தோளைச் சுருக்கிக்கொண்டாள். எடுக்காமல் விட்டேன். என் கையில் அவள் ரத்தம் காய்ந்து விரலெல்லாம் இழுத்துப் பிடித்தது.

ஸ்ட்ரெச்சர் வந்து நின்றபோது, சுவரைப் பார்த்தபடியே அம்மா சொன்னாள்:

"அந்தத் துப்பாக்கிப் பொண்ணு தேம்பித் தேம்பி அழுவுது, காதுல உழுவலயா உனக்கு? போயி ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடு."

நான் போனேன்.